பெட்டியில் பச்சை எரிந்தது

சாந்தோம்
20 ஜனவரி 2025

அன்புள்ள பொன்மணி,

உன் போனில் என் எண்ணை நீ முடக்கி நாலு மாதமாகிறது. மெயிலுக்கும் பதில் இல்லை. தபால்காரரை மட்டும் உன்னால் தடுக்க முடியாது என்பதால் இது. முகவரி கொடுத்தது நம் ஆபீஸ் ஜோதிலட்சுமி; அவள் மேல் கோபப்படாதே.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்டால் இந்த வரியோடு கிழித்துப் போட்டுவிடுவாய். எனக்கு ஒன்று புரியவில்லை, அதனால் எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எங்கோ ஒரு படி எனக்குத் தவறுகிறது. எந்த இடம் என்று நீ சொல்.

படகில் இருக்கும் பெட்டிக்கு புரோகிராம் எழுதியவன் நான். கரையில் செய்தி வாங்கும் சர்வருக்கு எழுதியவள் நீ. கடலில் ஆபத்து என்றால் பெட்டியின் சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். பெட்டி செல்போன் சிக்னல் வழியாக உன் சர்வரோடு இணைப்பு போடும், படகின் எண்ணையும் இருக்கும் இடத்தையும் அனுப்பும், இணைப்பை மூடும், பச்சை விளக்கைப் போடும்.

ஆகஸ்ட் 9 காலை ஊரூர் குப்பத்து நாகராஜின் ஃபைபர் படகு அலையில் கவிழ்ந்தது. கூடப் போனவர் அவருடைய மச்சான் நெடுஞ்செழியன். பெட்டியைக் கழட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன், பச்சை எரிந்தது என்கிறார் நாகராஜ். உன் சர்வருக்கு எதுவும் வரவில்லை. அதனால் யாரும் போகவில்லை. மத்தியானம் நெடுஞ்செழியன் கை சோர்ந்து நழுவிவிட்டார். மூன்று மணிக்கு வேறொரு படகு நாகராஜை மட்டும் தூக்கி வந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துக் குப்பத்தில் கூட்டம். நீ எழுந்து, "எங்களுக்கு எந்தச் செய்தியும் வரலை" என்றாய். அது உண்மை. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். நாகராஜ் திருப்பிக் கொடுத்த பெட்டியின் நினைவகத்தைப் படித்து, ஒரு தாளில் எடுத்து என் பையில் வைத்திருந்தேன். அதில் "9:42, அனுப்பப்பட்டது" என்று இருந்தது. அதுவும் உண்மை. நான் வாயைத் திறக்கவில்லை.

நம் எம்.டி. ஜவஹர் முந்தின நாள் சொன்னது இவ்வளவுதான்: "மொதல்ல காரணத்தைக் கண்டுபிடிங்க. புரியாததைப் போய்ச் சொன்னா எல்லாப் படகுக்காரங்களும் பெட்டியைக் கழட்டிக் கடல்ல வீசிடுவாங்க." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அனுப்பினேன் என்கிறது பெட்டி, வரவில்லை என்கிறது சர்வர். இரண்டும் உண்மை என்றால் எழுந்து நின்று எதைச் சொல்வது?

ஐந்து மாதமாக அதே மாதிரிப் பெட்டி ஒன்றை வீட்டில் வைத்து, ஆபீசில் இருக்கும் உன் சர்வரின் நகலுக்கு அழுத்திக்கொண்டிருக்கிறேன். லிசா பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்ததும் அந்த 'பீப்' சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறாள். நானூற்றுப் பன்னிரண்டு தடவை அழுத்தியதில் மூன்று தொலைந்தது. மூன்றுக்கும் பச்சை எரிந்தது.

எனக்குத் தெரியாமல் உன் சர்வர் ஏதாவது செய்கிறதா?

கிளிஃபர்ட்


வேளச்சேரி
25 ஜனவரி 2025

திரு. கிளிஃபர்ட் அவர்களுக்கு,

உங்கள் வரிசையில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. எப்போதும் அந்தப் படியைத்தான் விட்டுவிடுகிறீர்கள்.

கூட்டம் முடிந்த பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை. ஜவஹரின் காரில் ஏறிவிட்டீர்கள். நான் பார்த்தேன். நெடுஞ்செழியனின் மனைவி பாஞ்சாலி, நாகராஜின் கூடப்பிறந்த தங்கை, அண்ணன் எதிரில் வந்து நின்றாள். "அமுத்தாமயே அமுத்துனேன்னு ஏண்ணா சொன்ன?" என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆறடிச் சந்து.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. என் பேச்சை அவர்கள் ஏன் நம்பினார்கள் தெரியுமா? நான் அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். பதினாலு வயதில் எங்களை லாரியில் ஏற்றிச் செம்மஞ்சேரியில் இறக்கினார்கள். பெட்டியை அறிமுகப்படுத்தப் போன முதல் நாளே இதைக் குப்பத்துப் பெண்களிடம் சொல்லியிருந்தேன். கூட்டத்தில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது: "அந்தப் பொண்ணு ஆத்தோரத்துப் பொண்ணு. கம்பெனிக்காரன் மாதிரி பொய் சொல்லாது." அந்த நம்பிக்கையை வைத்து நாகராஜைப் பொய்யராக்கினோம். உங்கள் பையில் தாள் இருந்தது என்று செப்டம்பரில் ஜோதிலட்சுமி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அடையாறு டீக்கடை வாசலில் நான் கத்தியது உங்களுக்கு அவமானமாக இருந்திருக்கும். எனக்கு அதற்காக வருத்தமில்லை.

இப்போது தி. நகரில் ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறேன். நிம்மதியாக இருக்கிறது. என் சர்வர் சரியாகத்தான் இருந்தது. இனிமேல் எழுத வேண்டாம்.

பொன்மணி

பி.கு. தொலைந்த அந்த மூன்று தடவையும் பெட்டி எங்கே இருந்தது?


சாந்தோம்
1 பிப்ரவரி 2025

பொன்மணி,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேள்வியும் கேட்டிருக்கிறாய். கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

அரிசி டிரம்முக்குள் இருந்தது. எவர்சில்வர் டிரம். மேசைமேல் வைத்து அழுத்தினால் ஒன்றுகூடத் தொலையவில்லை. டிரம்முக்குள் வைத்து மூடியை முக்கால்வாசி சாத்தி, ரிமோட்டில் அழுத்தினால்தான் எப்போதாவது தொலைகிறது. சிக்னல் மோசமானால் தொலைகிறது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பதில் இல்லையே! வழியில் ஒன்று தொலைந்தால் கெர்னல், பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருள், தானாகவே மறுபடி அனுப்ப வேண்டும். அந்த ஒரு உத்தரவாதத்துக்காகத்தானே இந்த வகை இணைப்பையே தேர்ந்தெடுத்தோம்? மறுபடி அனுப்பவே இல்லை. ஏன் விட்டுவிட்டது? என் புரோகிராமை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். இணைப்பு போடு. இருக்கும் இடத்தைக் கண்டுபிடி. அனுப்பு. மூடு. பச்சை. இதில் தப்பு செய்ய இடமே இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

நீ எழுதியதைப் படித்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. நேற்றுக் காலை குப்பத்துக்குப் போனேன். நாகராஜ் இப்போது கடலுக்குப் போவதில்லையாம். மற்றவர்களின் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னா சார், நான் பொய் சொன்னேன்னு எழுதி வாங்க வந்தியா?" என்றார்.

"இல்லண்ணா. அன்னிக்கு நடந்ததைக் கேக்க வந்தேன்."

"இத்தினி நாளா யாரும் கேக்கலியே."

பிறகு சொன்னார். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். தூரத்தில் ஒரு விசைப்படகு தெரிந்திருக்கிறது. நீந்திப் போய்க் கூப்பிடுகிறேன் என்று நெடுஞ்செழியன் கிளம்பியிருக்கிறார். இவர் விடவில்லை.

"கைய புடிச்சி நிறுத்துனது நான் சார். பச்ச எரிஞ்சிடுச்சி மச்சான், வந்துக்கினே இருப்பானுங்க, தெம்ப வீணாக்காதன்னு சொன்னேன். அவனும் நம்புனான். ரெண்டு பேரும் அந்த லைட்டையே பாத்துக்கினு இருந்தோம்."

பொன்மணி, இது எனக்குத் தெரியாது. பச்சை எரிந்தது, உதவி வரவில்லை என்பது வரைதான் தெரியும். பச்சை எரிந்ததால் ஒருவர் நீந்தாமல் நின்றார் என்பது தெரியாது. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே நினைவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் பட்டினப்பாக்கம் வரை போய்விட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று 9:42க்கு உன் சர்வரின் பதிவில் ஒரு வரிகூட இல்லையா? செய்தி இல்லை என்பது தெரியும். வேறு ஏதாவது?

கிளிஃபர்ட்


வேளச்சேரி
8 பிப்ரவரி 2025

கிளிஃபர்ட்,

உங்கள் கடிதத்தை ஐந்து நாள் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். பதில் எழுத ஆரம்பித்து மூன்று தடவை கிழித்தேன்.

ஒரு வரி இருந்தது.

"9:42:31. எதிர்ப்பக்கம் இணைப்பை ரீசெட் செய்தது." அவ்வளவுதான். எந்தப் படகு, எந்தப் பெட்டி என்று இல்லை. செய்தி வந்து சேர்ந்தால்தானே படகின் எண் தெரியும்?

கூட்டத்துக்கு முந்தின நாளே பார்த்தேன். அச்செடுத்தேன். உங்களைப் போல நானும் பையில் வைத்திருந்தேன். இப்போதும் இருக்கிறது.

நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, நடந்தது இது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த மாதிரி வரி ஒரு நாளைக்கு முப்பது நாற்பது வரும். இன்டர்நெட்டில் யார் யாரோ எல்லா சர்வரின் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். அதில் ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாகராஜ் சொன்ன நேரமும் அதுவும் ஒன்றாக இருக்கிறதே என்று தோன்றியது. தோன்றிய உடனே, அவர் கையில் கடிகாரமா கட்டியிருந்தார், குத்துமதிப்பாகச் சொல்கிறார் என்று இன்னொரு பதிலும் தோன்றியது. எது என் உண்மையான எண்ணம், எது சாக்கு என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. "எந்தச் செய்தியும் வரலை" என்று சொன்னேன். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதை வைத்துத்தான் இத்தனை நாள் தூங்கினேன்.

உங்களை டீக்கடை வாசலில் திட்டும்போதும் அந்தத் தாள் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. என் சர்வர் உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது செய்கிறதா என்று முதல் கடிதத்திலேயே கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. ஜூலையில் ஒன்று சேர்த்தேன். எந்தப் பெட்டி இணைந்தாலும் சர்வர் உடனே அன்றைய கடல் எச்சரிக்கையை ஒரு வரியாக அனுப்பும். அடுத்த மாடல் பெட்டியில் சின்னத் திரை வரப்போகிறது, அதில் காட்டலாம் என்று. பழைய பெட்டிகளுக்குத் திரை கிடையாது, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் என்று நினைத்தேன். உங்களிடம் சொல்லச் சொல்லி ஜோதிலட்சுமியிடம் சொன்னேன். சொன்னாளா?

உங்கள் பெட்டி அந்த வரியைப் படிக்கிறதா?

பொன்மணி


சாந்தோம்
15 பிப்ரவரி 2025

பொன்மணி,

படிக்கவில்லை. ஜோதிலட்சுமி சொல்லவும் இல்லை. அல்லது சொல்லி நான் மறந்திருக்கலாம்; ஜூலையில் யார் என்ன சொன்னார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

உன் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்தேன். கிடைத்துவிட்டது. மூன்று நாளாக மறுபடி மறுபடி சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன்.

"அனுப்பு" என்ற என் கட்டளைக்குக் கெர்னல் "சரி" என்று பதில் சொன்னால் நான் பச்சையைப் போட்டேன். அந்தச் "சரி"க்கு, செய்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன் என்று மட்டும்தான் அர்த்தம். கரைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. செய்தி இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கலாம், காற்றில் தொலைந்தும் இருக்கலாம். தொலைந்தால் மறுபடி அனுப்பும், நான் "மூடு" என்று சொன்ன பிறகும் பின்னாலிருந்து முயன்றுகொண்டே இருக்கும். அதை நம்பித்தான் நான் உடனே மூடினேன். ஜூலை வரை அது பொய்க்கவும் இல்லை.

ஆனால் மூடும்போது, எதிர்ப்பக்கம் சொன்னது ஏதாவது நான் படிக்காமல் உள்ளே கிடந்தால் எல்லாம் தலைகீழாகிறது. கெர்னல் முறையாக முடித்துக்கொள்வதில்லை. இணைப்பை அறுத்து எறிகிறது. உன் தாளில் இருக்கும் ரீசெட் அதுதான். அறுக்கும்போது, போய்ச் சேராமல் கையில் வைத்திருந்த என் செய்தியையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறது. மறுபடி அனுப்ப அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

சிக்னல் நன்றாக இருந்தால் செய்தி முதல் தடவையே போய்விடும்; அறுந்தாலும் யாருக்கும் தெரியாது. ஏழு கிலோமீட்டர் கடலில், முதல் தடவை தொலைந்தால் முடிந்தது.

சர்வரின் நகலில் உன் எச்சரிக்கை வரியை நிறுத்திவிட்டு டிரம்முக்குள் அறுநூறு தடவை அழுத்தினேன். ஒன்றும் தொலையவில்லை. வரியோடு அறுநூறு. ஏழு தொலைந்தது.

செய்திருக்க வேண்டியது இது. அனுப்பியதும், "நான் சொல்ல வேண்டியது முடிந்தது" என்று என் பக்கத்துப் பாதியை மட்டும் மூட வேண்டும். அதற்கு ஷட்டவுன் என்று தனிக் கட்டளையே இருக்கிறது. பிறகு எதிர்ப்பக்கம் சொல்வதையெல்லாம், அதுவும் முடித்துக்கொள்ளும்வரை, படிக்க வேண்டும். அப்புறம்தான் முழுதாக மூட வேண்டும். அதுவும் போதாது. உன் சர்வர் "கிடைத்தது, படகு எண் இன்னது" என்று ஒரு வரி திருப்பி எழுத வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பச்சை. பார்க்கவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. மொத்தம் நாற்பது வரி. இதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை, எல்லாம் என்றோ படித்தது. வேகமாகப் பச்சை எரிந்தால் வாங்குபவர்களுக்குப் பிடிக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது யார் தப்பு? படிக்காமல் மூடியது நான். சொல்லாமல் பேசியது நீ. என் புரோகிராம் தனியாக நின்றால் தப்பில்லை, உன்னுடையதும் தனியாக நின்றால் தப்பில்லை. இப்படி எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

ஜவஹரிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "மூணு வாரத்துல புது புரோகிராம் போட்டுடலாம். அப்கிரேடுன்னு சொல்லி எல்லாப் பெட்டியையும் வாங்கிடலாம். பழசைக் கிளற வேணாம்" என்றார். அது ஒருவிதத்தில் சரிதானோ? மூன்று வாரத்தில் எல்லாம் சரியாகிவிடுமே? நீ என்ன நினைக்கிறாய்?

கிளிஃபர்ட்


17 பிப்ரவரி 2025, மாலை

கிளிஃபர்ட்,

இதைத் தபாலில் போடவில்லை. நானே வந்து உங்கள் வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். பேச வந்தால் வாசலில் நின்று கத்திவிடுவேன், லிசா அக்கா முன்னால் அது வேண்டாம்.

நாற்பத்து மூன்று படகுகளில் அந்தப் பெட்டி இருக்கிறது. நாளைக் காலையும் அவை கடலுக்குப் போகும். மூன்று வாரம் என்கிறீர்கள்!

முதலில் அந்த எச்சரிக்கை வரியை நிறுத்தச் சொல்லுங்கள். என் இடத்தில் இப்போது ஷண்முகப்ரியா இருக்கிறாள். ஒரு நிமிட வேலை. ஜவஹரிடம் அனுமதி கேட்க வேண்டாம், நிறுத்திவிட்டுச் சொல்லட்டும். அதனால் மட்டும் பச்சை மெய்யாகிவிடாது, அது உங்களுக்கே தெரியும். இணைப்பு போட்டதும் சிக்னல் சுத்தமாகப் போய்விட்டாலும் கெர்னல் வாங்கிக்கொண்டால் எரியத்தான் போகிறது. அதனால் குப்பத்துக்குப் போய் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்: பச்சையை நம்பி நிற்காதீர்கள்.

யார் தப்பு என்பதை நாம் இரண்டு பேரும் பிறகு பங்கு போட்டுக்கொள்ளலாம். புரிந்த பிறகு சொல்லலாம் என்றீர்கள். புரிந்துவிட்டது. இன்னும் என்ன?

பாஞ்சாலியிடம் நான் போகிறேன். "வரலை" என்று சொன்ன வாய் என்னுடையது.

பொன்மணி


சாந்தோம்
19 பிப்ரவரி 2025

பொன்மணி,

லிசா உன்னை மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். "வந்த பொண்ண உள்ள கூப்பிடாம விட்டுட்டீங்களே" என்று என்னைத்தான் திட்டினாள்.

ஷண்முகப்ரியா நேற்றுக் காலை ஒன்பது மணிக்கே வரியை நிறுத்திவிட்டாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. நான் பத்து மணிக்குக் குப்பத்தில் இருந்தேன். படகுகள் திரும்பி, மீன் இறங்கிக்கொண்டிருந்தது. சங்கத்துச் செயலாளர் செம்பியனிடம் சொன்னேன். அவர் ஒரு குரல் கொடுத்ததும் முப்பது பேர் கூடிவிட்டார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கெர்னல், ரீசெட் என்று உளறினேன்.

"இன்னாபா சொல்ற நீ? சுருக்கா சொல்லு" என்றார் ஒருவர்.

"பச்சை எரிஞ்சா, கரைக்குச் செய்தி வந்துடுச்சின்னு அர்த்தம் இல்லை."

பிறகு செம்பியன் கேட்டார்: "அப்ப நாகராஜு?"

"அமுத்தினாரு. பெட்டியில பதிவு இருக்கு. ஆகஸ்ட்லயே எனக்குத் தெரியும்."

ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் விலக்கினார். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். பின்வரிசையில் நாகராஜ் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஏதாவது மாறும் என்று நினைத்தேன். அவர் கையில் இருந்த வலை ஊசியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கடலோரமாக நடந்து போய்விட்டார். சந்தோஷமா, கோபமா, எதுவுமே இல்லையா? எனக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் ஜவஹர் போன் செய்து, கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்.

கிளிஃபர்ட்


வேளச்சேரி
24 பிப்ரவரி 2025

கிளிஃபர்ட்,

நேற்றுக் காலை பாஞ்சாலியைப் பார்த்தேன். சந்து முனையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். நீங்கள் சொன்னது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. ஆனால் நம்பவில்லை. என் தாளை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை, கை ஈரமாக இருந்தது.

"நீதான வரலன்னு சொன்ன?"

"நான்தான்கா."

"இப்ப வந்துச்சின்றியா?"

"வரலை. ஆனா அவர் அமுத்தினாரு."

"அமுத்துனா வரணும். வரலன்னா அமுத்தல. நடுவுல இன்னா கீது?"

எவ்வளவு சரியான கேள்வி! நாம் இரண்டு பேரும் ஆறு மாதம் அதே கேள்வியில்தான் முட்டிக்கொண்டு நின்றோம். நடுவில்தான் எங்கள் தப்பு இருக்கிறது என்றேன். அவர் பெட்டி பேசியது, என் சர்வரும் அதே நேரத்தில் பேசியது, நான் பேசியதை அவர் பெட்டி கேட்காமல் கதவைச் சாத்தியது, சாத்தும்போது அதன் கையில் இருந்த செய்தியும் விழுந்துவிட்டது என்று சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. வெட்டிக்கொண்டிருந்த சங்கரா மீனைப் பாதியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பச்ச எரிஞ்சிதா? மெய்யா?"

"மெய்யா எரிஞ்சதுக்கா."

"அப்ப எங்க வூட்டுக்காரர நீந்த வுடாம கையப் புடிச்சி நிறுத்துனதும் மெய்யி."

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. நாகராஜே ஆகஸ்டில் சொல்லியிருக்கிறார் போல. அழுத்தியது பொய் என்று நினைத்ததால் அதையும் பொய் என்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். இப்போது நான் போய் இரண்டையும் மெய்யாக்கிவிட்டேன். ஒரு பழியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டு வந்தேனோ?

"நீ போ" என்றாள். மறுபடி மீனை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். வாங்க வந்த ஒரு மாமி விலை கேட்டாள், அவளுக்குப் பதில் சொன்னாள். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை, கிளிஃபர்ட். உங்களைத் தவிர இதை நான் வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது. அது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

பொன்மணி


சாந்தோம்
3 மார்ச் 2025

பொன்மணி,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நானும் லிசாவும் வந்தபோது நாகராஜ் எங்கள் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். செம்பியனிடம் முகவரி வாங்கி, குப்பத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

முதலில் உனக்குத் தெரிய வேண்டியது. நீ போன மறுநாள் பாஞ்சாலி அந்த ஆறடிச் சந்தைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். "அன்னிக்கு நடந்தத மொதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணும் வுடாத" என்று கேட்டிருக்கிறாள். அவர் சொல்லியிருக்கிறார். கையைப் பிடித்தது, லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, வெயில் ஏறியது, நெடுஞ்செழியன் கடைசியாகப் பேசியது, எல்லாம். அவள் அழுதாளாம். பிறகு அவரை இரண்டு அடி அடித்தாளாம். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். இப்போது தினம் வருகிறாள், அதிகம் பேசுவதில்லை, ஆனால் வருகிறாள் என்றார். நீ செய்தது சரியா என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

சங்கத்துக்காரர்கள் போன வாரம் ஜவஹரைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். நாகராஜ் அழுத்தினார், தவறு பெட்டியில் என்று ஜவஹர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார். படகுகளிலிருந்து கழட்டிய பெட்டிகளை மறுபடி வைக்கிறதானால் ஆகஸ்டில் உண்மையை ஒளித்தவனே வந்து அவர்கள் கண் முன்னால் சரிசெய்ய வேண்டும் என்று செம்பியன் சொல்லியிருக்கிறார். அதனால் எனக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கிறது. பெருமைப்பட ஒன்றுமில்லை. மூடும் பகுதியின் நாற்பது வரியை இத்துடன் அச்செடுத்து வைத்திருக்கிறேன். சர்வர் பக்கத்தை ஷண்முகப்ரியா எழுதுகிறாள். இரண்டையும் நீ படித்துப் பார்ப்பாயா? சிவப்பு மையில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. நான் மட்டும் பார்த்த எதையும் இனிமேல் நான் நம்புவதாக இல்லை.

நாகராஜ் உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். லிசா காபியைப் படிக்கே கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அதற்காகத்தான் வந்தார் போலிருக்கிறது, என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"சார், நான் அவன வுட்டிருந்தா நீந்திப் போய்ச் சேந்திருப்பானா?"

பொன்மணி, என்ன சொல்வது? அந்த விசைப்படகு எவ்வளவு தூரத்தில் இருந்தது, நீரோட்டம் எந்தப் பக்கம், எனக்கு என்ன தெரியும்? சேர்ந்திருக்க மாட்டார், நீங்கள் பிடித்தது நல்லதுதான் என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. லிசா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலண்ணா" என்றேன். "எனக்கு நெஜமாவே தெரியல."

அவர் தலையை ஆட்டினார்.

"இந்த ஆறு மாசத்துல எங்கிட்ட வந்தவன் எல்லாம் தெரியும், தெரியும்னுதான் சொன்னான் சார்" என்றார். "தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீ."

பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து, குப்பத்தை நோக்கி நடந்து போனார்.

கிளிஃபர்ட்